யாருக்குப் பாதுகாப்பு?

பொங்கலுக்கு வந்த மகன் இந்த முறை தன் காரில் வரவில்லை. அலுவலக நண்பர் ஒருவரின் ஏழு இருக்கை எஸ்.யூ.வி.யை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அது எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நகர்த்தி வாசற்படியோடு ஒட்டி நிறுத்த வேண்டியிருந்தது. இதே போல ஒன்று வாங்கப் போகிறான். என்னிடம் காட்டி, மனத்தைக் கரைத்து, என் பங்காக ஐந்து லட்சம் வாங்கிப் போவது திட்டம்.

"நம்ம சின்ன வண்டி தகர டப்பாப்பா. ஈ.சி.ஆர்.ல புள்ளைய வச்சிக்கிட்டு வர்றப்ப பயமா இருக்கு. இது டேங்க் மாதிரி. சேஃப்டிக்குத்தான் கேக்கறேன்" என்றான்.

முடியாது என்றேன். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். சாப்பாட்டு மேசையில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது; அதனால் எழுதிவிடுகிறேன்.

வாகனப் பதிவு செய்யும் அலுவலகத்தில் பல வருடம் எழுத்தராக உட்கார்ந்தவன் நான். பதிவுச் சான்றில் 'காலி எடை' என்றொரு கட்டம் உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. எழுதுகிற எனக்கு மட்டும் மனப்பாடமாகும். மாருதி 800 வந்த புதிதில் 650 கிலோ என்று எழுதும்போது, ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வரும். அம்பாசடர் ஆயிரத்துச் சொச்சம். இன்று மகன் ஓட்டி வந்தது இரண்டு டன்னுக்குக் கிட்டத்தட்ட. ஏற்றிக்கொண்டு போவது அதே நான்கு பேரை.

பள்ளியில் எனக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். இயற்பியல் எடுத்த முசே ஒரு பெரிய கோலியையும் ஒரு சின்னக் கோலியையும் மேசைமேல் உருட்டி மோதவிட்டு 'கான்த்தித்தே த மூவ்மான்' என்பார். உந்தம். அந்தக் கணக்கை மகன் எதிரில் ஒரு காகிதத்தில் போட்டேன். 2,100 கிலோ வண்டியும் 900 கிலோ வண்டியும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மோதிய பிறகு இரண்டும் பெரிய வண்டி போன திசையிலேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய வண்டிக்காரருக்கு வேகம் 50லிருந்து 20 ஆகிறது, 30 மாற்றம். சின்ன வண்டிக்காரர் முன்னால் 50ல் போனவர், அந்த நொடியிலேயே பின்னால் 20ல் தள்ளப்படுகிறார், 70 மாற்றம். எலும்பை முறிப்பது இந்த மாற்றம்தான்.

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று குதித்தான்.

உண்மை. அவன் சொல்வது பொய்யில்லை. பெரிய வண்டிக்குள் இருப்பவருக்கு இரண்டு கார் மோதலில் ஆபத்து குறைவு. அமெரிக்கப் புள்ளிவிவரங்களும் அதையே காட்டுகின்றன, மிகச் சின்னக் கார்களில்தான் சாவு அதிகம். ஆனால் அந்த 70ஐப் பாருங்கள். அதில் ஒரு பகுதி இவன் தலையிலிருந்து எடுத்து எதிராளி தலையில் வைத்தது. இதற்குப் பெயர் பாதுகாப்பா, பணமாற்றமா? எதிர் வண்டியிலும் ஒரு நாலு வயதுப் பையன் இருப்பான். அவன் அப்பாவும் பயந்துபோய் அடுத்த வருடம் இதைவிடப் பெரியது வாங்குவார். அப்புறம் என் மகன்? ஈ.சி.ஆரில் எதிரே வருகிற பஸ்ஸும் டிப்பர் லாரியும் இந்தப் போட்டியில் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு இரண்டு டன்னும் ஒன்றுதான், ஒரு டன்னும் ஒன்றுதான்.

இன்னொன்று. 'டேங்க்' என்கிறானே, கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்பது தகரக்கடைக் கணக்கு. 2016ல் குளோபல் என்கேப் இந்திய வண்டிகளை மோதவிட்டுப் பார்த்தபோது, சின்னக் கார்களோடு மஹிந்திரா ஸ்கார்பியோவும் பூஜ்ய நட்சத்திரம்தான் வாங்கியது. சோதித்தது ஏர்பேக் இல்லாத மாடல். பிறகு வந்த ஸ்கார்பியோ-என் 2022ல் ஐந்து வாங்கியது. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து நட்சத்திரம் 2020ல் டாடா ஆல்ட்ரோஸுக்கும் கிடைத்தது, 2024ல் புதிய டிசையருக்கும் கிடைத்தது. ஒன்று ஹாட்ச்பேக், இன்னொன்று செடான், இரண்டும் நாலு மீட்டருக்குள். கூண்டு உறுதியாக இருக்கிறதா, ஏர்பேக் இருக்கிறதா, சறுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உயரத்தைக் கேட்டு ஆவது என்ன? உயரமான வண்டி கவிழ்வதற்கு இன்னும் கொஞ்சம் தயாராக இருக்கும், அவ்வளவுதான்.

இதுவரை உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் பேசினேன். எனக்கு முக்கியம் வெளியே நடப்பவர்கள்.

பல வருடம் என்னோடு காலையில் நடந்தவர் ஒரு முன்னாள் தபால்காரர். இந்த ஊரின் கதவிலக்கம் எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு தெருமுனையில், நான் பால் வாங்க இரண்டு நிமிடம் பின்தங்கிய நேரத்தில், வலப்பக்கம் திரும்பிய ஒரு பெரிய வண்டி அவரை இடித்தது. வேகமே இல்லை. சைக்கிள் வேகம் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டியவர் நல்ல மனிதர், குடிக்கவில்லை, போனில் பேசவில்லை. இறங்கி ஓடி வந்து, "தெரியல சார், சத்தியமா ஆளே தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் நம்பினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தடித்த தூண் ஒரு ஆளை அப்படியே விழுங்கிவிடும். நண்பருக்கு இடுப்பெலும்பும் விலாவும் முறிந்தன. பதினோராம் நாள் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஆளை இடிக்கும்போது வண்டி ஒரு டன்னா இரண்டு டன்னா என்பது பெரிய விஷயமில்லை. 60 கிலோ மனிதனுக்கு இரண்டும் மலைதான். விஷயம் மூக்கில் இருக்கிறது. தாழ்ந்த மூக்கு காலில் அடிக்கும், ஆள் பானெட்டின் மேல் சாய்ந்து உருளுவார். கால் முறியலாம், பிழைப்பார். செங்குத்தான உயர்ந்த மூக்கு இடுப்பிலும் நெஞ்சிலும் அடித்து முன்னால் தள்ளும், சக்கரத்துக்குக் கீழே. குழந்தையென்றால் அடி விழுவது தலையில். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஏறக்குறைய 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023ல் சொன்னது: பானெட் முனை 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் இடித்தால், 30 அங்குலத்துக்குள் சரிவான மூக்குள்ள கார்களைவிடச் சாவதற்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்றால் 102 சென்டிமீட்டர். அந்த நாட்டில் 2009ல் சுமார் 4,100 பாதசாரிகள் செத்தார்கள். 2022ல் 7,500க்கும் மேல். எல்லாப் பழியும் மூக்கின் மேல் போட முடியாது, ஆனால் மூக்கும் ஒரு பங்காளி.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். 2022ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19.5 சதவீதம் நடந்தவர்கள். நூறு பேரில் அறுபத்து நாலு பேருக்குத் தம்மைச் சுற்றித் தகர டப்பாகூட இல்லை. இந்த நாட்டில் நின்றுகொண்டு 'சேஃப்டி' என்று எந்த வாயால் சொல்கிறோம்? 'ரோடு பிரசென்ஸ்' என்று இப்போது ஒரு வார்த்தை வந்திருக்கிறது. இந்த வண்டி வந்தால் மற்றவன் ஒதுங்குவான் என்று அர்த்தம். எழுபத்து நாலு வயதில், முட்டி வலியோடு ஒதுங்குகிறவன் நான்.

போகிப் பண்டிகையன்று மதியம் அந்த வண்டியை வைத்து ஒரு சோதனை செய்தேன். தையல் டேப்பை எடுத்துப் போய் மூக்கை அளந்தேன்: 108. பேரன் உயரம் 101. மகனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, பேரனைப் பம்பருக்கு முன்னால் குந்திக் கோலி விளையாடச் சொன்னேன்.

"புள்ள தெரியறானா?"

"இல்ல."

ஒரு எட்டு தள்ளி உட்கார வைத்தேன். இல்லை. இன்னொரு எட்டு. இல்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் போன பிறகுதான் தலைமுடி தெரிந்ததாம். எழுந்து நின்றபோதும் பம்பரை ஒட்டி இருந்தவரை தெரியவில்லை. அடுத்து எதிர்வீட்டுக்காரரின் பழைய ஹாட்ச்பேக்கில் அதே விளையாட்டு. ஒரு எட்டிலேயே, "தாத்தா, அப்பா என்னைப் பாத்துட்டாரு!" என்று கத்தினான்.

கேமரா இருக்கிறதே என்றான் மகன். பார்க்கிங் செய்யும்போது இருக்கிறது. தெருமுனையில் திரும்பும்போது யார் திரையைப் பார்க்கிறார்கள்?

பாரத் என்கேப் நட்சத்திரம் 2023 அக்டோபரில் வந்தது, வரவேற்றேன். ஆனால் அது தொடங்கிய வடிவத்தில் நட்சத்திரமெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். மூன்று நட்சத்திரமோ மேலோ வேண்டுமானால் பாதசாரிப் பாதுகாப்பு விதியில் தேறியிருக்க வேண்டும் என்பதோடு சரி. எவ்வளவு நன்றாகத் தேறியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஐரோப்பாவில் 2009 முதல் அதையும் மொத்த நட்சத்திரத்திலேயே சேர்த்து எண்ணுகிறார்கள். பாரிஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் ஓட்டெடுப்பே வைத்தார்கள். 1.6 டன்னுக்கு மேலான பெட்ரோல், டீசல் கார்களுக்கும், 2 டன்னுக்கு மேலான மின்சாரக் கார்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து நிறுத்தினால் மும்மடங்கு கட்டணம். நகர மையத்தில் ஒரு மணிக்கு 18 யூரோ. ஓட்டுப் போட்டவர்கள் ஆறு சதவீதம்கூட இல்லை, போட்டவர்களில் 54 சதவீதம் ஆம் என்றார்கள். அந்த அக்டோபரில் அமலுக்கு வந்தது. புறநகரில் இருக்கும் என் அக்காள் மகன், சொல்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன், போனில் பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினான். திட்டிக்கொண்டே இப்போது ரயிலில் போகிறான்.

நம் அரசும் வண்டியை அளக்காமல் இல்லை. நாலு மீட்டர் நீளம், 1,200 சி.சி. பெட்ரோல் என்று வரிக்காக மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறது. 2017ல் பம்பருக்கு முன் மாட்டும் இரும்புக் கம்பியையும் கூடாது என்று சொன்னது. கம்பி கூடாது, ஆனால் கம்பி உயரத்துக்கு வண்டியே இருந்தால் சரியா? பதிவுச் சான்றில் ஒரே ஒரு கட்டம் கூட்டச் சொல்கிறேன்: 'முன்மூக்கு உயரம், செ.மீ.'. அதற்கேற்ப வரியும் பார்க்கிங் கட்டணமும். எழுத்தர் ஒருவர் ஒரு எண்ணை நிரப்ப ஐந்து விநாடி ஆகும். எனக்குத் தெரியும்.

மழைக்கு உயரமான வண்டி வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். 2024ல் ஃபெஞ்சல் புயலன்று எங்கள் தெருவில் நகர்ந்தது அப்படிப்பட்ட வண்டிதான், ஒரு பிரசவக் கேஸை ஏற்றிப் போனது. அந்த ஒரு நாளுக்காக மற்ற 364 நாளும் தெருமுனையில் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

சோதனை முடிந்து மகன் இறங்கியதும் மருமகள் ஒன்றும் சொல்லாமல் அதே இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவள் இவனைவிட ஐந்து அங்குலம் குட்டை. பையனை மறுபடி முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள். இரண்டு நிமிடம் கழித்து இறங்கி உள்ளே போய்விட்டாள். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஐந்து நட்சத்திரம் வாங்கிய, மூக்குத் தாழ்ந்த கார் என்றால் என் ஐந்து லட்சம் வங்கியில் தயாராக இருக்கிறது. இதை மகனுக்கு வாட்ஸப்பிலும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்து மூன்று வாரமாகிறது.