தனித்தொகுதி யார் கையில்?

"தனித்தொகுதிதான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்பவர்கள் காட்டுமன்னார்கோயிலைப் பார்க்கட்டும்.

இந்தத் தனித்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி 2006இல் அதிமுக கூட்டணியில் வென்றது. 2021இல் திமுக கூட்டணியில் வென்றது. இரண்டையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியில் நின்ற 2016இல், திருமாவளவனே 87 வாக்குகளில் தோற்றார்.

நிற்பவர் தலித்தாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வெல்வதற்கோ சேரியின் வாக்கு போதாது, ஊரின் வாக்கும் வேண்டும். ஊர் முகம் சுளிக்காத வேட்பாளரைத்தான் பெரிய கட்சிகள் தேடும். அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இதனால்தான். 1932இல் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் அதைப் பறித்தது.

தமிழ்நாட்டில் 44 தனித்தொகுதிகள் என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்த 44 பேரில் சேரிக்காகச் சொந்தக் கட்சியை எதிர்த்துப் பேசக்கூடியவர் எத்தனை பேர்?