விரிந்த நிலமும் கனமற்ற சக்கரமும்

பிரான்சு தேசத்தின் போர்தோ நகரில் இயங்கும் அசோபோ ஸ்டூடியோ உருவாக்கி, இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட 'ஃபியூயல்' என்னும் வீடியோ விளையாட்டு, வெளிவந்த காலத்தில் தன் விஸ்தீரணம் ஒன்றினாலேயே பலருடைய கவனத்தையும் கவர்ந்தது. அதன் நிலப்பரப்பு 14,400 சதுர கிலோமீட்டர். கன்சோல் விளையாட்டுகளிலேயே மிகப் பெரிய களம் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. ஒரு சதுரமாக எண்ணிப் பார்த்தால் பக்கத்துக்கு 120 கிலோமீட்டர் வருகிறது. வளைவே இல்லாத சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மலையும் காடும் மணலும் குறுக்கிடுகிற வழியில் எவ்வளவு பிடிக்கும் என்பது வண்டியையும் ஓட்டுகிறவரின் பொறுமையையும் பொறுத்தது. இவ்வளவு பெரிய பூமியைச் சிருஷ்டித்தவர்கள் அந்தப் பூமியின்மேல் போதிய நம்பிக்கை வைக்கவில்லை என்பதே இவ்விளையாட்டைப் பற்றி எனக்குள்ள குறை. ஆயினும் அதைச் சிருஷ்டிக்கத் துணிந்தார்கள் என்பதற்காக அவர்கள்மேல் எனக்கு இன்றளவும் மதிப்பு உண்டு.

கதை என்று சொல்லத்தக்கது அதில் அதிகம் இல்லை. பருவநிலை சீர்குலைந்து, புயலும் சூறாவளியும் காட்டுத் தீயும் அலைக்கழித்த அமெரிக்கா. ஜனங்கள் கைவிட்டுப் போன ஊர்கள். எரிபொருள் அரிதாகிவிட்ட காலம். அந்தப் பாழ்நிலத்தில் பைக்கும் பக்கியும் லாரியும் ஓட்டி, எரிபொருளையே பரிசாக வைத்துப் பந்தயம் விடுகிற ஒரு கூட்டம். பீடிகை இவ்வளவுதான். ஆனால், மேற்கு அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருக்கிற கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கையும், ரெய்னியர் பனிச் சிகரத்தையும், எரிமலை வாயில் நீர் தேங்கிய கிரேட்டர் ஏரியையும் ஒரே தேசப்படத்துக்குள் அருகருகே கொண்டுவந்து, இடையிலே கரிந்து நிற்கும் காடுகளையும் மணற்காடுகளையும் காலியான நெடுஞ்சாலைகளையும் பரப்பி வைத்த காரியம், அந்தப் பீடிகைக்கு வேண்டிய சோகத்தையும் கம்பீரத்தையும் தானாகவே கொடுத்துவிடுகிறது.

இவ்விளையாட்டின் உண்மையான இன்பம், பந்தயத்துக்கு யாரும் அழைக்காத வேளையில் கிடைப்பது. பொழுது சாய்கிற சமயத்தில் ஒரு நாற்சக்கர பைக்கை எடுத்துக்கொண்டு, மேப்பைத் திறந்து பார்க்காமல், கண்ணுக்குத் தெரிகிற மலை ஒன்றைக் குறிவைத்துப் புறப்பட வேண்டும். சாலை தெற்கே வளைகிற இடத்தில் அதை விட்டு இறங்கினால் முழங்கால் உயரப் புல். புல்வெளி முடிகிற இடத்தில் காய்ந்த ஓடை. ஓடைக்கு அப்பால் மரங்கள் நெருங்கி நிற்க, முன்விளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு அடிமரமும் திடீரென்று எழுந்து வலமோ இடமோ விலகிப் போகிறது. மேட்டின் உச்சியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தால், புறப்பட்ட சாலை பள்ளத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். எதிரே பார்த்தால், குறிவைத்த மலை இன்னும் அதே தொலைவில் நிற்பதுபோல் தோன்றும். அந்த மலை வெறுமனே எழுதி மாட்டிய பின்னணிச் சித்திரம் இல்லை, உண்மையிலேயே அங்கே போய்ச் சேரலாம், இடையில் ஒரு கதவும் காத்திருப்பும் குறுக்கிடாது என்ற எண்ணம் மனத்துக்குத் தருகிற விடுதலை உணர்ச்சியை, இதற்குப் பின் வந்த எத்தனையோ பளபளப்பான விளையாட்டுகளிலும் நான் அபூர்வமாகவே அனுபவித்திருக்கிறேன். இத்தகைய உச்சிகள் சிலவற்றைக் 'காட்சி முனை' என்று குறித்து வைத்து, அங்கே போய்ச் சேர்கிறவருக்குச் சுற்றுப்புறத்தைச் சுழற்றிக் காட்டுகிற ஏற்பாடும் உண்டு. விளையாட்டைப் படைத்தவர்களுக்குத் தங்கள் கையிலிருந்த செல்வம் எது என்பது ஓரளவு தெரிந்தே இருந்திருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

இந்தச் செல்வத்தை அவர்கள் சேர்த்த விதமும் குறிப்பிடத்தக்கது. 14,400 சதுர கிலோமீட்டரையும் ஓவியர்கள் உட்கார்ந்து கையால் செதுக்குவதென்றால் ஓர் ஆயுள் போதாது. ஆகையால் மேடு பள்ளங்களையும் மரங்களையும் புதர்களையும் சூத்திரங்களின்படி கணினியே விதைத்துக்கொண்டு போகும்படி செய்தார்கள். ஓட்டுகிறவர் முன்னேற முன்னேற நிலம் அவருக்கு எதிரே உருவாகி, பின்னால் கலைந்துபோகிறது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வந்த பதிப்பில் அத்தனை பெரிய தேசமும் ஒரே டிவிடி தட்டில் அடங்கியிருந்தது என்பதை, அக்காலத்துக் கருவிகளின் சிறிய நினைவகத்தை அறிந்தவர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். சூத்திரத்துக்கு உரிய தோஷமும் அதிலே இருக்கிறது: ஒரே மாதிரியான வீடு, ஒரே மாதிரி சாய்ந்த கம்பம், ஒரே வகை மரம் என்று பார்த்தவையே மறுபடியும் வந்து நிற்கும். இதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை.

பெரிய குற்றம் சக்கரத்தில் இருக்கிறது. கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுகிற விளையாட்டு என்றால், ஓட்டுகிறவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சம்பாஷணை நடந்தாக வேண்டும். உழுகிறவன் கலப்பையின் மேழியில் விழுகிற அழுத்தத்தைக் கொண்டே மண்ணின் ஈரத்தை அறிந்துகொள்வதுபோல், சரளையில் ஏறினோமா சேற்றில் இறங்கினோமா என்பதை, திரையைப் பாராமலே கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிற கை சொல்ல வேண்டும். 'ஃபியூயல்' வண்டிகளில் அந்தப் பேச்சு மிகவும் மங்கலாகவே கேட்கிறது. சாலைக்கு ஏற்ற வண்டி, காட்டுக்கு ஏற்ற வண்டி என்று தரம் பிரித்து எழுபதுக்கு மேற்பட்ட வாகனங்களைக் கொடுத்திருக்கிறார்கள். காற்று மெத்தையின்மேல் மிதந்து போகிற ஹோவர்கிராஃப்டுகூட உண்டு. ஆனால் பல வண்டிகளுக்குக் கனமே இல்லை. பாறையில் மோதிய பக்கி பந்துபோல் எழும்புகிறது. டன் கணக்கில் எடையிருக்க வேண்டிய லாரி, மேட்டைத் தாண்டி அந்தரத்தில் எழும்பி இறங்கும்போது பூமி அதிர வேண்டாமா? அதிர்வதில்லை. சரிவில் சற்றுத் தவறி விழுந்தாலோ, மரத்தில் பலமாக மோதினாலோ, வண்டியை மீட்டுக்கொள்ள நாம் முயல்வதற்கு முன்பே விளையாட்டு நம்மைத் தூக்கித் தடத்தில் நிறுத்திவிடுகிறது. தவறுக்குரிய தண்டனையும் இல்லை, தப்பித்ததற்குரிய சந்தோஷமும் இல்லை.

எரிபொருள் அரிதாகிவிட்ட உலகம் என்று சொன்னேன் அல்லவா? அந்த உலகத்தில் எத்தனை நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் வண்டியின் டாங்கி வற்றுவதில்லை. எரிபொருள் அங்கே நாணயம் மட்டுமே: பந்தயங்களில் வென்றும், ஆங்காங்கே கிடக்கிற பீப்பாய்களைப் பொறுக்கியும் சேர்த்து, அதைக் கொடுத்துப் புது வண்டி வாங்கலாம். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இவ்விளையாட்டின் மற்ற குறைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்கு ஒருவிதக் கிரயமும் கொடுக்க வேண்டியதில்லை என்னும்போது, தூரம் வெறும் நேரமாகச் சுருங்கிப்போகிறது. அடுத்த முகாம் வரைக்கும் எரிபொருள் தாங்குமா, மலையைச் சுற்றிப் போவதா ஏறிக் கடப்பதா, கனமான வண்டியை எடுத்தது பிசகோ என்ற கவலைகள் ஓட்டுகிறவரின் மனத்தில் உதித்திருந்தால், அந்த 14,400 சதுர கிலோமீட்டரில் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருக்கு நினைவில் நின்றிருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சேபர் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த 'ஸ்னோரன்னர்'. மிச்சிகன், அலாஸ்கா, ருஷியாவின் தைமீர் ஆகிய பிரதேசங்களில் சரக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு அது. அதன் ஒவ்வொரு மேப்பும் சில சதுர கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆனால் அங்கே சேறு உண்மையான சேறு. சக்கரம் சுழலச் சுழல மண் குழைந்து பள்ளமாகிறது. பள்ளம் ஆழமாகி அச்சு வரைக்கும் புதைகிறது. கீழ் கியருக்கு மாறி, டிஃபரன்ஷியலைப் பூட்டி, அதுவும் பலிக்காமல் வின்ச் கம்பியை எதிரே நிற்கிற மரத்தில் மாட்டி, அங்குலம் அங்குலமாக வண்டியை இழுத்துக்கொண்டு கரையேறும்போது, எரிபொருள் முள் அடிமட்டத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருநூறு கஜம் கடப்பதற்குள் ஒரு யாத்திரையின் அனுபவம் கிட்டிவிடுகிறது. அந்த மண்ணில் பாதியளவாவது, வேண்டாம், கால் பங்காவது 'ஃபியூயல்' காட்டிய தேசத்தில் இருந்திருந்தால், இன்று அதைப் பற்றிப் பேசுகிற தொனியே வேறாக இருந்திருக்கும்.

பந்தயங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தேசம் 19 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, நட்சத்திரங்களைச் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு வட்டாரத்தின் பந்தயங்களும் திறந்துகொள்கின்றன. அவற்றுள் செக்பாயின்ட் பந்தயங்கள் நல்லவை. இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும், வழி உன்னுடையது என்று விட்டுவிடுகிற அந்தப் பந்தயங்களில், எல்லாரும் சாலையில் போகும்போது பள்ளத்தாக்கின் விளிம்பைத் துணிந்து குறுக்கே தாண்டி முதலிடம் பிடிக்கிற மகிழ்ச்சி உண்டு. ஹெலிகாப்டரோடு போட்டியிடுகிற பந்தயங்களிலும் இந்தத் துணிவுக்கு இடமிருக்கிறது. ஆனால் சிறிய வட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிற பந்தயங்களை எதற்காக இந்த மாபெரும் நிலத்தில் வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு சின்ன மைதானம் அதற்குப் போதுமே. போட்டியாளர்களும் நேர்மையாக ஓடுவதில்லை. எட்டாத தூரத்துக்கு முன்னே பறந்து போய், இறுதிக் கட்டத்தில் நமக்காகத் தாமதிப்பதுபோல் வேகம் குறைக்கிறார்கள். நாம் நன்றாக ஓட்டியதற்கும் சுமாராக ஓட்டியதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்போது, ஜெயித்தாலும் மனம் நிறைவதில்லை. சூறாவளி கம்பங்களைப் பிடுங்கி எறிகிற பந்தயம் முதல் முறை ஆடும்போது நெஞ்சை அடைக்கச் செய்கிறது. மறுமுறை ஆடினால் அதே இடத்தில் அதே கணத்தில் அதே காற்று. இயற்கையின் சீற்றத்தைக் கதைக்கு அஸ்திவாரமாக வைத்தவர்கள், அந்தச் சீற்றத்தை எந்த நேரமும் எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடியதாகத் திறந்த வெளியில் உலவ விட்டிருக்க வேண்டும்.

விளையாட்டு வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் சொன்ன பெரிய குறை ஒன்று உண்டு: நிலம் காலியாக இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. இந்தக் குற்றச்சாட்டை நான் அடியோடு மறுக்கிறேன். காலியாக இருப்பது பாலைவனத்தின் தர்மம். கூப்பிட்ட குரலுக்கு யாரும் வாராத இடத்தில் தனியே ஓட்டிக்கொண்டு போகிற அனுபவத்தை விரும்பித்தானே மனிதர்கள் அத்தகைய இடங்களைத் தேடிப் போகிறார்கள்! விமர்சகர்களின் பேச்சு வென்றுவிட்டது; அதன் பிறகு வந்த திறந்தவெளி ஓட்ட விளையாட்டுகள் அங்குலம் விடாமல் களத்தை நிரப்பத் தொடங்கின. 2021இல் வந்த 'ஃபோர்சா ஹொரைசன் 5' மெக்சிகோவைத் தத்ரூபமாகக் காட்டுகிறது. எரிமலைச் சரிவும், பாலைமணலும், குவானஹுவாட்டோ நகரத்தின் வண்ண வீடுகளும் கண்கொள்ளாக் காட்சிகள். மண்ணும் சக்கரமும் பேசிக்கொள்வதிலும் அது 'ஃபியூயல்' விளையாட்டைக் காட்டிலும் எவ்வளவோ மேல். ஆயினும் அதன் மேப்பைத் திறந்தால் பந்தயச் சின்னங்களும் பரிசுச் சின்னங்களும் பூமியை மூடிக்கிடக்கின்றன. ஒரு வளைவைத் திரும்புவதற்குள் புள்ளிகளும் பாராட்டுகளும் திரையில் வந்து குவிகின்றன. அங்கே ஒரு நிமிஷம் வழி தப்பிப் போவதற்குக்கூட நமக்கு அனுமதி இல்லை. காலியிடத்தைக் குறையென்று சொன்னவர்கள், காலியிடத்துக்கு உயிர் கொடுக்கக்கூடிய தடையையும் எடையையும் பஞ்சத்தையும் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அசோபோ நிறுவனம் நிலத்தின்மேல் கொண்ட மோகத்தைக் கைவிடவில்லை. 2020இல் அது மைக்ரோசாஃப்டுக்காக உருவாக்கிய 'ஃப்ளைட் சிமுலேட்டர்', பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களையும் விமானப் படங்களையும் ஆதாரமாகக் கொண்டு பூகோளம் முழுவதையுமே பறந்து பார்க்கத் தந்தது. 2024இல் வந்த அடுத்த பதிப்பில் விமானத்தை இறக்கிவிட்டு வெளியே வந்து நடக்கவும் முடிகிறது. போர்தோவில் அன்று 14,400 சதுர கிலோமீட்டரை ஒரு தட்டில் அடக்கியவர்களின் தொழில்திறமை இவ்வளவு தூரம் வளர்ந்த பிற்பாடு, அந்தப் பூகோளத்தின் புழுதிச் சாலை ஒன்றில், கனமும் தேய்மானமும் எரிபொருள் கவலையும் உள்ள ஒரு வண்டியை ஓட்டத் தருவார்கள் என்று நான் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

அது வரும்போது வரட்டும். இப்போது செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. 'ஃபியூயல்' இன்று இணையக் கடைகளில் விற்பனைக்கு இல்லை. கணினிக்கு வந்த பதிப்பு, மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சேவை கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டமையால், பழைய தட்டை வைத்திருப்பவர்களும் அதை ஓடச் செய்வதற்குப் படாத பாடு படுகிறார்கள். ஊதியம் எதையும் எதிர்பாராத ரசிகர்கள் அதன் குறைகளைத் திருத்தித் தாங்களே ஒரு மாற்றுப் பதிப்பை உண்டாக்கி உலவ விட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்தே, அந்தப் பாழ்நிலத்தை நேசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2021 முதல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வசம் இருக்கிறது. புதிய நிலம் எதையும் சேர்க்க வேண்டாம், ஒரு மரத்தைக்கூட மாற்ற வேண்டாம். செத்துப்போன அந்தச் சேவையின் முடிச்சை மட்டும் அவிழ்த்து, நியாயமான விலையில் மீண்டும் கடையில் வைப்பது அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இயலாத காரியம் அன்று.