பாஸ்வேர்டு உங்களுடையது, பட்டனைத் தட்டுவது யார்?
வட்டக்கானல் விடுதி முதல் பாராளுமன்றம் வரை ஒரே சிக்கல்!

கொடைக்கானல்:
கொடைக்கானலுக்குக் காரில் கிளம்புகிறவர்கள் இப்போது மூட்டை கட்டும் முன்பே செல்போனை எடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி முதல் "இ-பாஸ்" முறை வந்தது. செல்போன் நம்பரைக் கொடுத்தால் ஒரு ரகசிய எண் வரும். அதுதான் ஓ.டி.பி.

இங்கேதான் ஆரம்பிக்கிறது வினை!

"எனக்கு அதெல்லாம் தெரியாதப்பா, நீயே எடுத்துக் கொடு" என்று டிரைவரிடமும் டிராவல்ஸ்காரரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. இ-பாஸ் ஓ.டி.பி.யால் பேங்க் பணம் போகாது. உண்மைதான். ஆனால் கேட்டவுடன் சொல்கிற பழக்கம் வந்துவிடுகிறதே! நாளைக்கு "பேங்கில் இருந்து பேசுகிறேன்" என்று ஒருவன் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

மூன்று பேர், ஒரு சாவி

இஸ்ரேல்காரர்கள் அதிகம் வந்ததால் "குட்டி இஸ்ரேல்" என்று பெயர் எடுத்த ஊர் வட்டக்கானல். இதுபோன்ற இடங்களில் சின்ன விடுதிக்குக்கூட ஆன்லைனில் புக்கிங் வருகிறது. முதலாளி கீழே ஊரில் இருப்பார். மேனேஜர் மலையில் இருப்பார். கணக்கு ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று, திறப்பவர்கள் மூன்று பேர்!

மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார் என்று வையுங்கள். சாவிக் கொத்தை மறக்காமல் வாங்கி வைக்கும் முதலாளி, பாஸ்வேர்டை மாற்ற மறந்துவிடுவார். பிறகு ஏதாவது கோளாறு நடந்து "யார் செய்தது?" என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான்.

பதவியே போனது

பெரிய இடத்திலும் இதே கதைதான். பாராளுமன்ற இணையதளத்துக்கான தன் பாஸ்வேர்டைத் தொழில் அதிபர் ஒருவருக்குக் கொடுத்த விவகாரத்தில், திரிணாமுல் காங்கிரஸ் எம்.பி. மகுவா மொய்த்ராவின் பதவி 2023 டிசம்பர் 8-ந்தேதி பறிக்கப்பட்டது. கேள்விகளை டைப் அடிக்கத்தான் கொடுத்ததாக அவர் சொன்னார். பணம் வாங்கியதாகச் சொன்ன புகாரை மறுத்தார். 2024 தேர்தலில் மீண்டும் ஜெயித்தார்.

அரசியல் சண்டை கிடக்கட்டும். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இதில் பாடம் உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் தட்டினாலும், பதிவாவது உங்கள் பெயர்தான்!

நஷ்டம் யார் தலையில்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ந்தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லிப் பணம் போனால், பேங்கில் புகார் கொடுக்கும் வரை ஏற்படும் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான் என்றது அது. புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு பேங்க் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டு வீட்டில் உட்காரக்கூடாது. உடனே பேங்குக்குச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்கும் போன் செய்யுங்கள்.

என்ன செய்யலாம்?

முடிந்த இடத்தில் ஆளுக்கு ஒரு லாகின் போட்டுக் கொடுங்கள். பேங்குக்கும் இ-மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். இ-மெயில் திருடன் கையில் சிக்கினால், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகவே மாற்றிவிடுவான். பிறந்த தேதியும் வண்டி நம்பரும் கூடாது. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். மறந்து போகுமா? நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். கல்லாப்பெட்டி மேலே ஒட்டாதீர்கள்!

ஆள் வேலையை விட்டுப் போனால், கணக்கு முடித்துச் சம்பளம் கொடுக்கும் அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.