சைக்கிளுக்கு எந்த மேப்பு நல்ல மேப்பு?

சென்னையில இருந்து தம்பிங்க நிறைய பேர் ஞாயித்துக்கிழமை விடியக்காலையில சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்க பொன்னேரிப் பக்கம் வர ஆரம்பிச்சிருக்காங்க. ராயபுரத்துல கிளம்பி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி, முடிஞ்சா பழவேற்காடு வரைக்கும் ஒரு மிதி. சந்தோஷம். எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கே ஓடாம வடக்கேயும் பார்க்கறாங்களேன்னு இருக்கு. அவங்க கேக்கற முதல் கேள்வி, "அண்ணே, எந்த ஆப்புல ரூட்டு போடறது?"

என் பதிலை நேராவே சொல்லிடறேன். நீங்க கை வெச்சுத் திருத்தக்கூடிய மேப்பா பார்த்து எடுங்க. கூட்டம் போன தடத்தை மட்டும் காட்டுற மேப்பை நம்பி வட சென்னையில இறங்காதீங்க.

ஏன்னு சொல்றேன்.

எல்லார் போன்லயும் இருக்கிறது கூகுள் மேப்ஸ். அதுல இரு சக்கர வாகனத்துக்குன்னு தனி வழி 2017 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்துச்சு. ஆனா அது பைக்குக்கான கணக்கு. கார் நுழையாத சந்துல பைக் நுழையும்னு அதுக்குத் தெரியும். ஆனா மிதிச்சுட்டுப் போறவன் முதுகுக்குப் பின்னால 40 அடி டிரெய்லர் வந்தா என்ன ஆகும்ங்கறது அதோட கணக்குல கிடையாது.

அந்தப் பச்சை, சிவப்புக் கோட்டையே எடுத்துக்குங்க. எண்ணூர் விரைவுச் சாலை துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்களோட சாலை. மேப்புல அது சிவப்பாக் காட்டினா லாரிங்க வரிசை கட்டி நிக்குதுன்னு அர்த்தம். பச்சைன்னா அதே லாரிங்க வேகமா ஓடுது. கார்க்காரனுக்குப் பச்சை நல்ல சேதி. சைக்கிள்காரனுக்கு விடியக்காலை அஞ்சு மணிப் பச்சைதான் பயப்பட வேண்டிய நிறம். ஒரே கோடுதான், பார்க்கறவன் எதுல உக்கார்ந்திருக்கான்ங்கறதைப் பொறுத்து சேதி மாறிடுது.

அடுத்தது ஸ்ட்ராவா. அதுல ஹீட்மேப்னு ஒண்ணு உண்டு. ஆளுங்க ஓடின, மிதிச்ச தடத்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதிகம் பேர் போன இடத்தைப் பிரகாசமாக் காட்டும். எவ்வளவு துல்லியம்னா, 2018 ஜனவரியில அதை வெச்சே வெளிநாட்டு ராணுவ முகாம்களோட இடத்தைக் கண்டுபிடிச்சு உலகமே பேசுச்சு. நல்ல கருவிதான், இல்லேங்கல. ஆனா அது காட்டுறது யாரை? மணிக்கட்டுல வாட்ச் கட்டிக்கிட்டு, பதிவு பண்ணிக்கிட்டுப் போறவங்களை.

வட சென்னையில தினமும் சைக்கிள் மிதிக்கிறவங்க வேற ஆளுங்க. கேரியர்ல டிபன் பாக்ஸை மாட்டிக்கிட்டு மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிப்ட்டுக்குப் போற கான்ட்ராக்ட் தொழிலாளி. பின்னால கூடை கட்டிக்கிட்டு மீன் விக்கப் போறவர். பிளஸ் ஒன்ல அரசு குடுத்த சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற பொண்ணு. 1955-ல திருவொற்றியூர்ல என்ஃபீல்டு ஆலை வந்த காலத்துல எந்த ஆலை வாசல்லயும் சைக்கிள்தானே நின்னிருக்கும்! இவங்க யாரும் தடத்தைப் பதிவு பண்றதில்ல. அதனால ஹீட்மேப்புல இந்தப் பக்கம் மங்கலா இருந்தா இங்க சைக்கிள் ஓடலைன்னு நினைச்சுடாதீங்க. ஓடுது, கணக்குல ஏறல, அவ்வளவுதான்.

விவசாயிக்கு இது புதுசு இல்ல. எங்க நிலத்துக்கு எஃப்.எம்.பி.ன்னு புல வரைபடம் ஒண்ணு உண்டு. அதுல வாய்க்கால் ஓடும், நேர்ல போய்ப் பார்த்தா பிளாட் கல்லு நட்டிருக்கும். நாலு தலைமுறையா மாட்டு வண்டி போற தடம் படத்துலயே இருக்காது. எங்க சர்வேயரும் சங்கிலியும் வராத ஊரு இல்ல. இந்த நாட்டை முக்கோணம் முக்கோணமா அளக்கற வேலையை லாம்டன் 1802-ல சென்னையிலதான் ஆரம்பிச்சாரு. அப்படியும் படம் ஒண்ணு, தரை ஒண்ணு.

எண்ணூர்ல இது வெறும் வழி தவறுற விஷயமா நிக்கல. கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துல 1996-ல ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்துல, ஆறாயிரம் ஏக்கருக்கு மேல எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத இடமா இருந்துச்சு. பின்னால வந்த வரைபடத்துல அந்தக் கழிமுகத்தையே காணோம்னு 2017-ல சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல வாங்கின ஆவணங்களோட குற்றம் சாட்டினாங்க. டி.எம்.கிருஷ்ணா பாடின 'சென்னை பொறம்போக்கு பாடல்' வந்ததும் அதே வருஷ ஜனவரியிலதான், படம் பிடிச்சதும் எண்ணூர்லதான். படத்துல இல்லாத தண்ணியை மூடறது சுலபம். படத்துல இல்லாத சைக்கிள்காரனுக்குத் தனிப்பாதை கேக்கறதும் அதே மாதிரி கஷ்டம்தான்.

அதனாலதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு சொல்றேன். 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. விக்கிப்பீடியா மாதிரி, யார் வேணா சேர்க்கலாம், திருத்தலாம். 2015 சென்னை வெள்ளத்துல எந்தத் தெருவுல தண்ணி நிக்குதுன்னு ஜனங்களே குறிச்சாங்களே, அந்த மேப்புக்கு அடித்தளம் இதுதான். தெருப் பேரைத் தமிழ்லயும் ஏத்தலாம். ரோடு தாரா, சிமென்ட்டா, மண்ணா, மேடு பள்ளமா, ரயில்வே கேட் எங்க இருக்கு, எல்லாத்துக்கும் அதுல இடம் இருக்கு.

இதை வெச்சு ஓடுற ஆப்புங்க பல. ஆர்கானிக் மேப்ஸ் (பேரைப் பார்த்து நம்ம இயற்கை விவசாய ஆளுங்க ஏதோ விக்கறாங்கன்னு நினைச்சுடாதீங்க) மேப்பை இறக்கி வெச்சுக்கிட்டா டவர் இல்லாத இடத்துலயும் சைக்கிள் வழி காட்டும். ஓஸ்ம்அண்ட் கொஞ்சம் கடினம், ஆனா நுணுக்கம் அதிகம். பிரௌட்டர்ல பெரிய ரோட்டை எவ்வளவு தவிர்க்கணும்னு நீங்களே விதி போடலாம், வட சென்னைக்கு எனக்குப் பிடிச்சது அதுதான். கோமூட் அழகா இருக்கும், எத்தனை கிலோமீட்டர் எந்தத் தரைன்னு பிரிச்சுக் காட்டும். ஆனா தகவல் அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல இருந்து வர்றதுதான். அங்க யாரும் ஏத்தலைன்னா இதுலயும் இருக்காது.

எந்த ஆப்பு எடுத்தாலும் சிலது நீங்கதான் பார்த்துக்கணும்.

ஒண்ணு, காத்து. இந்தப் பக்கம் மேடே கிடையாது. ஆப்பு காட்டுற ஏத்த இறக்கப் படம் மேம்பாலத்துக்கு மட்டும்தான் உதவும். இங்க மலை ஏறுற மாதிரி மூச்சு வாங்க வைக்கிறது கடல்காத்துதான். கோடையில வெயில் ஏறினதும் தென்கிழக்கே இருந்து எழும்பும். வடக்கே போறவனை முதுகுல தள்ளும், திரும்பி வர்றவன் மூஞ்சில அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து, கணக்கு தலைகீழ். வழி போடும்போதே திரும்பற நேரத்தையும் போட்டுக்குங்க.

ரெண்டு, ரயில்வே கேட். 1856-ல ராயபுரம் ஸ்டேஷன் திறந்த காலத்துல இருந்தே இது தண்டவாள பூமி. கொருக்குப்பேட்டை கேட்டுல மாட்டினவங்களுக்குத் தெரியும். அங்க நீங்க நிக்கப் போற நேரத்தை ஆப்பு கூட்டிச் சொல்லாது.

மூணு, செயற்கைக்கோள் படம். அத்திப்பட்டு பக்கம் மேல இருந்து பார்த்தா வெளேர்னு திறந்த வெளி தெரியும். உப்பளமா, அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையான்னு தெரியாம அதுல குறுக்கு வழி போடாதீங்க.

நாலு, குப்பங்கள். பெரிய ரோட்டைத் தவிர்த்தா ஆப்பு உங்களைக் குப்பத்துத் தெருவுக்குள்ள விடும். அது லாரி ரோட்டை விடப் பத்திரம்தான். ஆனா அங்க வலை காயும், கருவாடு காயும், பிள்ளைங்க விளையாடும். அது அவங்க வாசல். 2017 ஜனவரியில கப்பல் மோதி எண்ணெய் கொட்டினதையும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்ததையும், அதே மாசம் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சதையும் தாங்கின ஜனங்க. மெதுவாப் போங்க, வழி கேளுங்க. "இந்நேரத்துக்கு எந்த ரோட்ல லாரி கம்மி"ன்னு டீக்கடையில கேட்டா கிடைக்கிற பதில் எந்த ஆப்புலயும் இல்ல.

கேட்டதை உங்களோடயே வெச்சுக்காதீங்க. ஆண்ட்ராய்டு போன்ல ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப்பு இருக்கு. நீங்க நிக்கற இடத்துல "இந்த ரோட்டோட தரை என்ன?"ன்னு அது கேக்கும், நீங்க தொட்டுப் பதில் சொன்னா மேப்புல ஏறிடும். எண்ணூர் வரைக்கும் வர்ற பத்துப் பேர் ஆளுக்குப் பத்து தெருவைக் குறிச்சா, நாளைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் பாதை கேட்டு மனு குடுக்கறவங்க கையில காட்ட ஒரு படம் இருக்கும். அடுத்த ஞாயிறு வர்றவங்க போன்ல அதை ஏத்திக்கிட்டு வாங்க, தண்ணி பாட்டில் ரெண்டா எடுத்துக்குங்க, பத்து மணிக்குள்ள திரும்பிடுங்க.