பெற்றோரே, அந்த மாத்திரையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

காய்ச்சலோடு கண்விழித்த பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்து, சூடு இறங்கியதும் சீருடையை மாட்டி, எட்டு மணி வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறோமே, இது என்ன நியாயம்? பதினொரு மணிக்கெல்லாம் மருந்தின் வேகம் தணிந்து பிள்ளை மேஜையில் தலை சாய்த்துக் கிடக்கும். பள்ளியிலிருந்து போன் வரும். "காலையில நல்லாத்தானே இருந்தான் மிஸ்" என்று கூசாமல் சொல்கிறோம். மாத்திரை கொடுத்த கதையை மட்டும் சொல்வதில்லை. அது தெரியாமல் பள்ளியில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதும் இல்லை.

நானும் பிள்ளைகளைப் பெற்றவள்தான். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காத அவதியும், அரையாண்டுத் தேர்வு நெருக்கடியும் எனக்கும் தெரியும். மாத்திரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாராசிட்டமால் நல்ல மருந்து. அளவோடு, தேவைக்குக் கொடுத்தால் குழந்தைக்குப் பாதுகாப்பானது. என் கோபமெல்லாம், என்ன மருந்து என்று தெரியாமல், எவ்வளவு என்று பார்க்காமல், ஏன் வலிக்கிறது என்று கேட்காமல், மாதத்துக்குப் பத்துமுறை கொடுக்கிறோமே, அதன்மேல்தான்.

மருந்துக்கடையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணே, பிள்ளைக்குத் தலைவலி, ரெண்டு மாத்திரை கொடுங்க." அவர் ஓர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார். அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் பெயரில் பாதி எழுத்துதான் இருக்கும். காலாவதித் தேதி கடையிலுள்ள மீதி அட்டையோடு தங்கிவிட்டிருக்கும். டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம், நிமிசுலைடு போன்றவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். அதுவும் அந்த வெட்டில் போயிருக்கும். துண்டு வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேலுள்ள பிஸ்கட் டப்பாவில் விழுகிறது. அங்கே ஏற்கெனவே தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையும், அத்தை விட்டுவிட்டுப் போன பல்வலி மாத்திரையும் கிடக்கின்றன. ஆறு மாதம் கழித்து பிள்ளைக்கு வலி என்றால் நிறத்தைப் பார்த்து எடுக்கிறோம். "அந்த மஞ்சள் மாத்திரை நல்லா கேக்கும்" என்கிறோம். ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கும்போது காட்டும் கவனத்தில் கால்பங்குகூட இங்கே இல்லை.

உங்கள் பிள்ளையின் எடை இன்றைக்கு எத்தனை கிலோ? யோசிக்காமல் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? குழந்தைக்கு மருந்தின் அளவை எடைதான் தீர்மானிக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. இரண்டு வேளைக்கு நடுவே நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். நாம் வாய்க்கு வாய் பெயர் சொல்லி வாங்கும் 650 மாத்திரை முழுசாக ஒன்று போட்டால் அது இரண்டு மடங்குக்கு மேல்.

சிரப்பில் இன்னும் வம்பு. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளது ஒரு வகை, 250 உள்ளது இன்னொரு வகை. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ, ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் அளவுக்கு அடர்த்தியானது. 8 கிலோ குழந்தைக்கு அதில் 1.2 மில்லி போதும். சிரப் கொடுத்த பழக்கத்தில் அதே 5 மில்லி மூடியில் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். அப்படி நடந்த பிறகு, வீட்டில் பார்த்துக்கொள்கிற பாட்டியையோ ஆயாவையோ குறை சொல்லிப் பயனில்லை. எதில் எவ்வளவு என்று தாளில் எழுதி ஒட்டாதது நம் தவறு. பாட்டிலோடு வரும் அளவுக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு சமையல் கரண்டியில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சளிக்கு என்று வாங்கும் சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு பாட்டில் கொடுத்தால் ஒரே மருந்தை இருமுறை கொடுத்ததாகிறது. சளி மருந்துகளில் வரும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே சொல்லியிருக்கிறது.

பாராசிட்டமால் அளவு மீறினால் பாதிப்பு கல்லீரலுக்கு. உடலுக்குள் இந்த மருந்து உடையும்போது சிறிதளவு நச்சு உருவாகும். கல்லீரலில் இருக்கும் குளூட்டதயோன் அதை முறித்துவிடும். வேளைக்கு வேளை அளவு கூடினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களையே தின்னத் தொடங்கும். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் வாந்தியெடுத்துக் கிடக்கும் குழந்தைக்குக் கையிருப்பு முதலிலேயே குறைவு. மிக மோசமான விஷயம், முதல் நாள் ஒன்றுமே தெரியாது. லேசான குமட்டல் இருக்கலாம், அல்லது பிள்ளை ஓடி விளையாடக்கூடச் செய்யலாம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். நாம்தான் "நல்லாத்தானே இருக்கான்" என்று அந்த எட்டு மணி நேரத்தையும் வீட்டிலேயே கழித்துவிடுகிறோம்.

இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம், அசெக்ளோஃபினாக் வகை வேறு. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். வலியை மட்டும் தடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட இந்த மாத்திரைகளுக்குத் தெரியாது. அடிக்கடி போட்டால் வயிற்றெரிச்சல், புண், சிலருக்கு உள்ளேயே ரத்தக் கசிவு. மலம் கருகருவென்று போனால் அதுதான் அடையாளம். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகக் காய்ந்துபோயிருக்கும் குழந்தைக்கு இபுபுரோஃபென் கொடுத்தால் சிறுநீரகம் திடீரென்று முடங்கவும் கூடும். டைக்ளோஃபினாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செத்து விழுந்ததால்தான் நம் வானத்தில் அவை இன்று அநேகமாக இல்லை. அந்தக் காரணம் 2004இல் உறுதியாகி, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நம் பக்கத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு என்பது உண்மை. ஆனால் அந்த மருந்தைச் சும்மா ஒரு வலி மாத்திரை என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள்.

காய்ச்சலில் நாம் செய்யும் அவசரம் இதைவிட ஆபத்து. பாராசிட்டமால் கொடுத்து அரைமணி நேரத்தில் சூடு இறங்கவில்லை என்றால் உடனே மெஃபெனமிக் சிரப்பை எடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் எல்லாமே ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை அளவான பாராசிட்டமாலும், தண்ணீரும், கஞ்சியும் போதும். சூட்டைக் குறைக்காவிட்டால் வலிப்பு வந்துவிடும் என்று பயந்து கொடுப்பவர்கள் அநேகம். காய்ச்சல் மருந்து அந்த வலிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. பிள்ளை அசதியில் துவளும்போது அதற்குச் சற்று இதமாக இருக்கவே அந்த மருந்து. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆஸ்பிரினைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஃப்ளூ, அம்மை போன்றவை வந்திருக்கும் பிள்ளைக்கு அது ரேய் நோயைக் கொண்டுவரலாம். மூளை வீங்கி, கல்லீரல் கெடும். 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் விவரித்த நோய் அது. பிரிட்டன் 1986இல் 12 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரினை நிறுத்தியது, பிறகு 16 வயது என்று உயர்த்தியது. நிமிசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்க 2011இலேயே இந்தியாவில் தடை. அது இன்னும் சில வீட்டு டப்பாக்களில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாதவிலக்கு வலிக்கு மாத்திரை போடுவது தவறே இல்லை. "நாங்கள்லாம் பொறுத்துக்கலையா" என்று மகளைத் துடிக்க விடுகிற அம்மாக்களை நான் மெச்ச மாட்டேன். மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன அளவில், இரண்டு மூன்று நாள். நாம் செய்வது என்ன? காலை ஆறு மணி டியூஷனுக்கு வெறும் வயிற்றோடு கிளம்பும் மகளின் பையில் மெஃபெனமிக் அட்டையைப் போட்டு, "வலிச்சா போட்டுக்கோ" என்று அனுப்புகிறோம். அவள் எத்தனை போட்டாள் என்று கேட்பதில்லை. இந்த மருந்து அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்த கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கல்யாணமாகாத பெண்ணை அங்கே எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்கி வருடக்கணக்கில் மாத்திரையால் மூடி வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

தலைவலிக்கு வருகிறேன். ஒன்பதாவது, பத்தாவது போனதும் பிள்ளைகளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. காலையில் சாப்பிடுவதில்லை, பள்ளிக் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை, இரவு பன்னிரண்டுவரை போன், கண்ணாடி மாற்றி இரண்டு வருடம். இதில் ஒன்றையும் தொடாமல் மாத்திரையை மட்டும் நீட்டினால் அடுத்து என்ன நடக்கும் தெரியுமா? மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிநிவாரணி போட்டு, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காஃபின் கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே போதும். மாத்திரை போட்டால் விடும், இறங்கியதும் திரும்ப வரும். திரும்ப வந்ததும் திரும்பப் போடுவார்கள். நிறுத்தினால்தான் அது தீரும், நிறுத்தும்போது சில நாள் வலி கூடும். அதைத் தாங்க ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைத் தள்ளியது யார்?

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆஸ்பிரின், ஃபினாசெட்டின், காஃபின் மூன்றும் கலந்த பெக்ஸ் என்ற தலைவலிப் பொடி வீட்டுக்கு வீடு இருந்தது. இல்லத்தரசிகள் டீயோடு சேர்த்து தினம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அதை மருந்தாகவே நினைக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து வந்த நோயாளிகளில் கணிசமானோர் இப்படிப் பொடி எடுத்தவர்கள் என்பதை மெல்பர்னைச் சேர்ந்த மருத்துவர் பிரிசில்லா கின்கெய்டு ஸ்மித் 1960களில் கண்டு சொன்னார். ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1970களின் இறுதியில் அந்தக் கூட்டு மருந்துகளின் தாராள விற்பனை நிறுத்தப்பட்டது. அப்புறம்தான் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு வந்தது. நம் வீட்டிலும் அப்படித்தான் வரும். சர்க்கரையும் பிரஷரும் இருக்கும் அப்பா இடுப்புவலிக்குத் தினம் ஒரு டைக்ளோஃபினாக் போடுவதை மகன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்த அப்பாவின் சிறுநீரகமும் இதயமும் ஏற்கெனவே பாரம் சுமக்கின்றன. அவரையும் சேர்த்தே திட்டுகிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வலிக்கிறது என்றால் முதலில் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே, எப்போதிலிருந்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். மருந்து கொடுத்தால் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பள்ளிக்கு அனுப்பினால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரே வலி மாதத்தில் நாலைந்து முறை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் கேட்கத் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும், மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.