ஆள் தரமாட்டோம்!



வெளிநாட்டில் வேலை, கை நிறையச் சம்பளம், டிக்கெட் இலவசம். இப்படி ஒரு விளம்பரம் உங்கள் பிள்ளையின் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதை நம்பிப் போன மலேசியர்கள் மியன்மார் எல்லை மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். ரஷ்யாவில் எடுபிடி வேலை என்று அழைத்துப்போன இந்திய, இலங்கை இளைஞர்களை உக்ரைன் போர்முனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிலர் பிணமாகத்தான் ஊர் திரும்பினார்கள்.

நமக்கு இது புதிதா? 1943-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரனுக்கு ஆள் தேவைப்பட்டது. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாதம் என்றான். தோட்டங்களில் அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான், போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் மற்றவர்கள் மறுத்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, அப்படியே லாரியில் ஏற்றினான். இத்தனை தலை வேண்டும் என்று கேட்டான். தோட்டத்துக் கிராணியும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்த ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 90,000 பேர் என்று ஒரு கணக்கு. அங்கே போர்க்கைதியாகச் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சயாமின் காஞ்சனாபுரியில் பெயர் வெட்டிய கல்லறை இருக்கிறது. நம் தாத்தாவுக்குக் குழிதான். (1967 ஒப்பந்தப்படி ஜப்பான் மலேசியாவுக்குத் தந்த நஷ்டஈடு இரண்டு சரக்குக் கப்பல்கள். அதில் எந்த லயத்துக்கு என்ன வந்தது?)

மறுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். 1941-ல் இதே கிள்ளான் தோட்டங்களில் வேலையை நிறுத்தினோம். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றதும் நம் கோரிக்கைகளில் ஒன்று. நம் தலைவர் ஆர்.எச். நாதனை வெள்ளைக்காரர்கள் கைது செய்து நாடு கடத்தினார்கள், வேலைநிறுத்தக்காரர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஜப்பானிலும் ஒருவர் எழுந்து நின்றார்: சீனாவோடு இந்தப் போர் எதற்கு என்று 1940-ல் நாடாளுமன்றத்திலேயே கேட்ட சைட்டோ தக்காவோ. அவரை வெளியேற்றினார்கள். ஊர் பிடிக்கும் போர் எந்த நாட்டில் நடந்தாலும் அதற்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் நம் தாமானில்தான் இருக்கிறான். அவனை மடக்குவதுதான் இப்போது நம் வேலை.

சங்கக் கிளைகளே, இந்த மாதமே தீர்மானம் போடுங்கள். ஏஜண்ட் வந்தால் பெயர், எண், வங்கிக் கணக்கு மூன்றையும் குறித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்களே, கிள்ளான் தோட்டத்துப் பிள்ளைகளே, சயாம் போன உங்கள் வீட்டு ஆளின் பெயரைப் பாட்டியிடம் கேட்டு ஓர் அட்டையில் எழுதுங்கள். அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர் மே தினப் பேரணிக்கு வாருங்கள்.