முதன்மை என்னும் மயக்கம்

ஒரு பொருளை முதலில் கண்டவர் யார் என்று வினவுவது அறிவின் வேட்கை. அவர் எம்மவரே என்னும் விடையை எழுதிவைத்துக்கொண்டு வினவுவது அறிவுக்கு இழைக்கும் இரண்டகம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு நம்மிடையே மறைந்துவருகின்றது என்பதே என் குற்றச்சாட்டு. மின்னாற்றலால் ஓடும் மகிழுந்துகள் உலகச் சாலைகளில் பெருகிவரும் இந்நாளில், அவற்றை ஈன்றவர் யாமே என மார்தட்டும் குரல்களும் நாடுதோறும் பெருகியுள்ளன. அக்குரல்களோடு நம் தமிழ் மேடைகளும் சேர்ந்துகொண்டு, மின்கலத்தை அகத்திய முனிவர் அன்றே கண்டார் என முழங்குகின்றன. மாணவன் ஒருவன் பேச்சுப் போட்டியில் அதனைச் சொல்லிவிட்டால் அவை கைதட்டுகின்றது. அந்தக் கைதட்டலை மறுப்பதற்கே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதற்கண் அயலார் பூசலைக் காண்போம். ஹங்கேரி நாட்டார் ஆன்யோஷ் யெட்லிக் என்னும் துறவியைச் சுட்டுவர். 1828ஆம் ஆண்டிலேயே அவர் சிறு மின்னோடி ஒன்றால் சிறு வண்டியை நகர்த்தினார் என்பர். டச்சுக்காரர், கிரோனிங்கன் நகரப் பேராசிரியர் ஸ்ட்ராட்டிங் 1835இல் செய்த வண்டியைக் காட்டுவர். அமெரிக்கர், வெர்மான்ட் மாநிலக் கொல்லரான தாமஸ் டேவன்போர்ட்டைப் போற்றுவர். அவர் வட்டத் தண்டவாளத்தில் ஒரு மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டி, 1837இல் தம் மின்னோடிக்குக் காப்புரிமையும் பெற்றார். பிரெஞ்சுக்காரர்க்கு முதல்வர், 1881இல் பாரிசில் மூன்று சக்கர வண்டி ஓட்டிய குஸ்தாவ் துரூவே. ஆங்கிலேயர்க்கு 1882இன் அயர்ட்டனும் பெரியும், பின்னர்த் தாமஸ் பார்க்கரும். செருமானியர்க்கோ, 1888இல் கோபுர்க் நகரில் நான்கு சக்கர வண்டி செய்த ஆந்திரேயாஸ் பிளாக்கன்.

இவர்களுள் பொய்யர் எவருமிலர். ஆயினும் இவர்தம் நாட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றனர். மேசைமேல் நகர்ந்த பொம்மையும் வண்டி எனின் ஹங்கேரி வெல்லும். ஆள் ஏறிச் செல்லும் வண்டியே வண்டி எனின் பிரான்சு வெல்லும். சக்கரம் நான்கு வேண்டும் எனின் செருமனியின் பக்கம் தீர்ப்பு சாயும். எந்த அளவுகோலால் தன் நாடு வெல்லுமோ அதனையே உலகின் அளவுகோலாக்க ஒவ்வொரு நாடும் முயல்கின்றது. இது வரலாறு ஆகாது. பந்தயம் முடிந்தபின் எல்லைக் கோட்டைத் தன் கால் நின்ற இடத்தில் வரைந்துகொள்ளும் தந்திரமேயாகும்.

அன்றியும், இவ்வண்டிகளுள் எதுவும் ஒரு நாட்டின் தனிச் செல்வமன்று. இடையறாத மின்னோட்டம் தரும் கலத்தை 1800இல் உலகிற்கு அறிவித்தவர் இத்தாலியரான வோல்ட்டா. மின்னோட்டத்தைச் சுழற்சியாக மாற்றலாம் என 1821இல் காட்டியவர் ஆங்கிலேயரான பாரடே. முதல் மாதிரிகளுக்கு வாய்த்த கலங்களில் துத்தநாகம் கரைந்து தீர்ந்தவுடன் ஓட்டமும் தீர்ந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமிலக் கலத்தை 1859இல் பிரெஞ்சுக்காரரான பிளாந்தே படைத்து, 1881இல் அவர் நாட்டவரான போர் அதனைச் செப்பனிட்ட பின்னரே மனிதனைச் சுமக்கும் மின்வண்டி இயல்வதாயிற்று. செருமானிய வண்டியின் உள்ளே பிரெஞ்சுக் கலமும், அதனுள்ளே இத்தாலியச் சிந்தனையும் குடியிருக்க, அதன்மேல் ஒரே கொடியை நாட்டுவது எவ்வாறு பொருந்தும்?

முதன்மைப் பூசலில் மறைந்துபோகும் மெய்யான வினா வேறொன்று உண்டு. ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எவ்வளவு தொலைவு ஓடும் என்பதே அது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 வண்டிகளுள் 1,575 மின்வண்டிகள். பெட்ரோல் வண்டிகளோ 936 மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டில், பெல்ஜியரான கமீய் ஜெனாட்சி மின்வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவை எட்டியிருந்தார். விரைவில் குறையில்லை, புகழிலும் குறையில்லை. எனினும் முப்பது ஆண்டுகளுக்குள் அவ்வண்டிகள் ஏறத்தாழ மறைந்தன. ஒரு கிலோகிராம் ஈயக் கலத்தில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 40 வாட்மணி; ஒரு கிலோகிராம் பெட்ரோலிலோ ஏறத்தாழ 12,000 வாட்மணி. இயந்திரத்தில் பெரும்பகுதி வெப்பமாய் வீணாயினும் பெட்ரோலே தொலைவில் வென்றது. 1912இல் கெட்டரிங் என்பாரின் மின் தொடக்கி கேடிலாக் வண்டியில் பொருத்தப்பட்டு, கையால் சுழற்றும் துன்பமும் நீங்கியது. முதலில் வந்தவர் என்னும் பெருமை மின்வண்டியைக் காக்கவில்லை.

தொலைவைப் பற்றிய பேச்சிலும் அளவுகோல் மயக்கம் உண்டு. 1907 முதல் 1939 வரை விற்பனையான டெட்ராய்ட் எலக்ட்ரிக் வண்டி ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடும் என விளம்பரம் செய்யப்பட்டது. சோதனை ஒன்றில் அது 340 கிலோமீட்டர் ஓடியதாகவும் பறைசாற்றினர். ஆனால் அதன் விரைவு மணிக்கு 32 கிலோமீட்டர் அளவே என்பதை யார் உடன் சொன்னார்?

இதனை நம் நாட்டோடு ஒப்பிடுக. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் இ.மாஸ் 7 என்னும் மின்மகிழுந்தை வெளியிட்டது. முதல் தேசிய மின்மகிழுந்து எனப் புகழ்ந்தனர். புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை 2017 முதல் கொண்டுள்ள சீனத்துக் கீலி நிறுவனத்தின் மகிழுந்தே அதன் மூலம். இதில் வெட்கம் கொள்ள எதுவுமில்லை. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் மிட்சுபிஷியின் வடிவிலிருந்தே பிறந்தது. கற்றுக்கொள்வோன் பிறரிடமிருந்துதான் தொடங்குவான். ஆயினும் கற்றதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது கல்வியே நின்றுவிடுகின்றது. அம்மகிழுந்தின் சிறிய மின்கலத் தொகுதி ஏறத்தாழ 49.5 கிலோவாட்மணி கொள்ளும். அதே தொகுதிக்குச் சீனச் சோதனை முறை தரும் தொலைவு 440 கிலோமீட்டர். நம் நாட்டு விற்பனையில் சொல்லப்பட்ட பன்னாட்டு முறை தரும் தொலைவு 345 கிலோமீட்டர். வண்டி மாறவில்லை, கலம் மாறவில்லை, அளவுகோல் மாறியது. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 330 கிலோமீட்டர். குளிர்சாதனத்தை இயக்கி, மணிக்கு 110 கிலோமீட்டர் விரைவில் செல்பவனுக்கு முதல் எண் வீண் நம்பிக்கை. இரண்டாம் எண்ணும் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கதே. எந்த அளவுகோலால் என்று கேளாதவன் நடுவழியில் நிற்பான்.

இனி நம் வீட்டுப் பொய்க்கு வருவோம். அகத்திய சங்கிதை என்னும் வடமொழி நூலில், மண்கலத்துள் செப்புத் தகடும் மயில்துத்தமும் ஈர மரத்தூளும் துத்தநாகமும் பாதரசமும் இட்டால் மின்னாற்றல் தோன்றும் எனச் சுலோகங்கள் உள்ளனவாம். 1836இல் இங்கிலாந்தில் டேனியல் செய்த கலத்திற்கும் செம்பும் மயில்துத்தமும் துத்தநாகமுமே உறுப்புகள் என்பதை நினைவில் கொள்க. இத்துணைப் பொருத்தம் கண்டவுடன் மகிழ்வதா, ஐயுறுவதா? தமிழ் கற்றவன் ஐயுறவே வேண்டும். அந்த ஏடு எங்கே? அதன் காலம் யாது? பிற பிரதிகளோடு ஒப்பிட்டவர் யார்? உரையாசிரியர் எவரேனும் அதனை மேற்கோள் காட்டினரா? 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, பாடங்களை ஒப்புநோக்கிய பின்னரே அச்சேற்றினார். ஒரு சொல்லுக்கு அத்துணைச் சான்று தேடிய மரபில் வந்த நாம், ஓர் அறிவியல் துறைக்கே சான்று கேளாமல் இருப்போமா? அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களும் மந்திர நூல்களும் மிகப்பல என்பதும், அவற்றின் நடையே பிற்காலத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் நம் ஆசிரியர் அறியாதனவல்ல. பெரியவர் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டுவது பண்டைய வழக்கம்; அதனை வரலாறு எனக் கொள்வது இன்றைய பேதைமை.

ஏடு மெய்யென்றே ஒரு கணம் கொள்வோம். அக்கலம் எந்த வண்டியை ஓட்டியது? எவ்வளவு தொலைவு? அதனைக் கற்றுத் திருத்தியவர் எவர்? வழித்தோன்றல் இல்லாத கண்டுபிடிப்பு விளைச்சல் இல்லாத விதை. அதனைக் காட்டி உரிமை கேட்பவன், உழாத நிலத்திற்கு அறுவடைப் பங்கு கேட்பவனை ஒப்பான்.

"சிறுபான்மையாய் வாழும் நமக்குப் பெருமிதம் வேண்டாவா? அதனையும் பறிக்கலாமா?" என்பார் உளர். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. தாழ்த்திப் பேசப்பட்ட இனம் நிமிர்ந்து நிற்க ஊன்றுகோல் தேடுவது இயல்பே. ஆனால் உளுத்த கோலை ஊன்றுபவன் கூட்டத்தின் நடுவே விழுவான். நம் பிள்ளை பல்கலைக்கழகத்தில் பிற இனத்தாரோடு அமர்ந்து மின்வேதியியல் கற்கும்போது, பள்ளியில் தான் பெற்ற பரிசுப் பேச்சு பொய் என அறிந்தால் யாது நிகழும்? அப்பேச்சை மட்டும் அவன் ஐயுறமாட்டான். தமிழில் கற்ற யாவற்றையும் ஐயுறுவான். பொய்ப் பெருமைக்குத் தமிழ் தரும் விலை அதுவே.

மெய்ப் பெருமைக்கோ பஞ்சமில்லை. மலாயாவில் தொழில் வளர்த்த நகரத்தார் மரபினரான அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால், 1953இல் அங்கே நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. மின்கல ஆய்வு இன்றும் அங்கே நடைபெறுகின்றது. 1993இல் எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்னும் நிறுவனம் ஜப்பானிய யாஸ்காவா நிறுவனத்தின் துணையுடன் சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் களமாகக் கொண்டு 'லவ்பேர்ட்' என்னும் இருவர் மின்மகிழுந்தைச் செய்தது. ஈயக் கலம், எட்டு மணிநேர மின்னேற்றம், 60 கிலோமீட்டர் ஓட்டம். வணிகத்தில் அது தோற்றது. தோற்ற அம்முயற்சியை நம் மேடைகள் பேசுவதில்லை; ஆயினும் மாணவன் கற்கவேண்டிய பாடம் அதில்தான் உள்ளது.

இன்னொருவரையும் சொல்வேன். 1951இல் தென்தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குடினஃபுடன் இணைந்து, சல்பேட்டு போன்ற பல்லயனிச் சேர்மங்கள் இலித்தியக் கலத்தின் நேர்முனைக்கு ஏற்றவை எனக் காட்டினார். அவ்வழியே சென்ற பாதியும் நஞ்சுண்டசாமியும் குடினஃபும் 1997இல் இலித்தியம் இரும்புப் பாஸ்பேட்டைக் கொணர்ந்தனர். இ.மாஸ் 7 மகிழுந்தின் கலம் அவ்வகையினதே. 2019இல் குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, குடினஃப் சார்பில் நோபல் பேருரை ஆற்றியவர் மந்திரமே. உடனே, "மின்மகிழுந்தைத் தமிழன் கண்டான்" என முழங்க நா எழும். அந்த நாவையும் அடக்குக என்கின்றேன். அவர் செய்தது ஒரு சங்கிலியின் வலிய கண்ணி. முன்னும் பின்னும் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் மொரோக்கோவில் பிறந்த யசாமியும் நிற்கின்றனர். கண்ணியைச் சங்கிலி என்பது அவரைச் சிறப்பித்தல் ஆகாது.

வண்டிக்குச் சக்கரமும் உண்டு என்பதை மறவற்க. மின்வண்டியாயினும் பெட்ரோல் வண்டியாயினும் இன்றைய சாலைகளில் இரப்பர் இன்றி ஓடுவதில்லை. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிசிலும் இருள் நீங்குமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பு உலகத்துச் சாலைகளில் எல்லாம் உருண்டது. எந்த நாட்டின் கண்டுபிடிப்புப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. சான்றில்லாத முனிவர் கலத்திற்கு மேடை அமைக்கும் நாம், சான்றுள்ள இவ்வுழைப்பிற்கு ஒரு கட்டுரைத் தலைப்பேனும் தந்தோமா?

ஆசிரியப் பெருமக்களிடம் வேண்டுவது இதுவே. "எம்மவரே முதல்வர்" என்னும் தொடரை மாணவன் எழுதினால், மதிப்பெண் இடுமுன் அவனிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எந்தச் சான்றால்? எந்த அளவுகோலால்? அதன்பின் யாது விளைந்தது? விடை தர இயலாதவனைக் கடியவேண்டா, நூலகத்திற்கு அனுப்புங்கள். விடையோடு மீள்பவன், அகத்தியரை இழந்திருப்பினும் காரைக்குடியைப் பெற்றிருப்பான். அவனுக்குக் கைதட்டுங்கள்.